எழுதாமல் விட்ட பத்திரிகையின் பெயர்

அப்போது நான் போடிநாயக்கனூரில் பள்ளி ஆசிரியன். மலைக்காய்ச்சலைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சிட்டிருந்தேன். கொயினா மருந்தின் அளவை ஒரு மாதப் பத்திரிகைக் கட்டுரையிலிருந்து எடுத்திருந்தேன். பெயரையும் மாதத்தையும் போட்டால் இரவல் சரக்கு என்பார்களே என்று கூசி, 'ஒரு பத்திரிகையில் கண்டது' என்று மட்டும் எழுதினேன்.

சில மாதங்கள் கழித்து, ஏலத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் மனைவியுடன் பள்ளிக்கு வந்தார். பக்கத்துச் சிலமலை ஊர்க்காரர், நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

"வாத்தியாரய்யா, இவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க புத்தகத்தைப் பாத்தேன். அளவு கூடுதலாத் தெரிஞ்சுச்சு. அந்தப் பத்திரிகையைப் பாத்துருவோம்னு மலையெறங்கி வந்து, வாசகசாலையில பொழுதுக்கும் தேடினேன். பேரு இல்லாம எதைன்னு தேட? காய்ச்சல் ஏறிக்கிட்டே இருந்துச்சு. நீங்க எழுதுனபடியே குடுத்துட்டேன். உசுரு தங்கிருச்சு, காது போயிருச்சுய்யா. அது எந்தப் பத்திரிகைய்யா?"

பெயரைச் சொன்னேன். மூவரும் வாசகசாலைக்குப் போய் இதழ்களை எடுத்தோம். அடுத்த மாத இதழிலேயே, அந்த அளவு அச்சுப்பிழை என்று திருத்தம் போட்டிருந்தார்கள். நான் அதைப் பார்க்கவேயில்லை. அவர் அதை இரண்டு முறை படித்தார்.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன் அந்த அம்மாளிடம். நான் என்ன சொன்னேன் என்று அறிய அவள் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பின் நான் எடுத்தாளும் ஒவ்வொரு செய்திக்கும் பத்திரிகையின் பெயர், மாதம், பக்கம் எல்லாம் எழுதுகிறேன். கவனமாக எழுதுகிறவர் என்று யாராவது என்னைப் புகழ்ந்தால், அங்கே என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை.