ஐந்தாம் எண்ணின் மேல் சந்தனம்

ஃபிஜியின் நவுசோரியில் வங்கிக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வலது கையால் தட்டினாள். டக்டக்டக், சின்ன இடைவெளி, டக். கீபோர்டின் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாகக் கூடியிருக்கும் அந்தச் சின்னக் கட்டத்தில் அவள் விரல்கள் மேய்ந்தன. கண் அங்கே போகவே இல்லை. தகரக் கூரையில் மழை பிடிக்கும் முன் முதல் துளிகள் இப்படித்தான் விழும், தயங்கித் தயங்கி, பிறகு தயக்கமே இல்லாமல். "மேடம்?" என்று அவள் கூப்பிட்டாள். நான் அங்கே இல்லை. தீவின் மறுகோடியில், பா நகரத்து வரதோலியில், ஒரு வீட்டின் முன்னறையில் நின்றுகொண்டிருந்தேன்.

அது அக்காவின் வீடு. உடன்பிறந்தவள் இல்லை. ஒப்பந்த ஆசிரியையாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஃபிஜிக்கு வந்த புதிதில், பா மார்க்கெட்டில் கிழங்குக் குவியல்களுக்கு நடுவே நான் எதற்கோ தமிழில் முணுமுணுக்க, பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னாம்மா, தமிழாளா நீ?" திரும்பினேன். பூப்போட்ட கவுன் அணிந்த, என்னைவிடப் பத்து வயதாவது மூத்த பெண். அவளுடைய பாட்டன் பூட்டன் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவர்கள். குடும்பம் மெதடிஸ்ட் சபை. அவள் வயதில் மற்றவர்கள் எல்லாம் ஃபிஜி இந்திக்கு மாறிவிட்டிருந்தார்கள். அவளிடம் மட்டும் தமிழ் தங்கியிருந்தது. அப்பா ஜெபித்த தமிழும் அம்மா திட்டிய தமிழும் கலந்த ஒரு தமிழ். அன்று அவள் என் பையில் ஒரு கிழங்கைத் திணித்து, "வூட்டுக்கு வா தங்கச்சி, இது எப்டி ஆக்குறதுன்னு காட்றேன்" என்றாள். போனேன். அதன் பிறகு போகாத நாள் குறைவு.

பிறகு அந்த ஆண்டு வந்தது. தலைநகர் சுவாவில் துப்பாக்கிகளோடு புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரோடு பாராளுமன்றத்தையே பிடித்துவைத்துக்கொண்டார்கள். அந்த ஆட்சிக் கவிழ்ப்பை அங்கே எல்லோரும் 'கூ' என்பார்கள், புயலுக்குப் பெயர் வைத்தது போல. கடைகள் ஷட்டரை இறக்கின. என் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு குடும்பம் சிட்னிக்கோ ஆக்லாந்துக்கோ போய்விட்டிருக்கும். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு ஆசிரியை எதற்கு? ஒப்பந்தத்தை நீட்டவில்லை.

லவுடோக்காவில் ஒரு கம்பெனியை மூடிவிட்டு முதலாளி பிரிஸ்பேனுக்குப் போனார். அவர் போட்டுவிட்டுப் போன மூன்று கம்ப்யூட்டர்களை அக்காவின் வீட்டுக்காரர் தன் கேரியர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கேரியர் என்பது பின்னால் தார்ப்பாய் போட்ட வாடகை வண்டி. அக்காவின் முன்னறையில் நானும் அவளும் வகுப்பு தொடங்கினோம். கரும்பு அரைக்கும் பருவம். மில்லின் புகைபோக்கி ஊர் முழுக்கக் கரித்தூளைத் தூவிக்கொண்டிருந்தது, துணியில், தலையில், தேநீரில். அக்கா பழைய ஜன்னல் திரையை வெட்டி உறைகள் தைத்தாள். மானிட்டருக்கு ஒரு முக்காடு, பெட்டிக்கு ஒரு சட்டை, கீபோர்டுக்கு நீளமாக ஒன்று. மௌஸுக்கு உள்ளங்கை அளவில் ஒரு குல்லா. அந்தக் குல்லாவைப் பார்த்து வகுப்பே சிரித்தது.

முதல் பாடத்தை நான் பாதி ஆங்கிலத்தில், பாதி தட்டுத்தடுமாறிய இந்தியில் நடத்தினேன். கீபோர்டும் மௌஸும் உள்ளே சொல்பவை. பெட்டி யோசிப்பது. மானிட்டரும் பிரிண்டரும் வெளியே சொல்பவை. பெட்டியைத் திறந்து மதர்போர்டைக் காட்டினேன். ஹார்ட் டிஸ்க் மறக்காது, ராம் என்கிற நினைவு கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றேன்.

"எம்.பி. மாதிரின்னு சொல்லு," என்றாள் அக்கா கடைசி நாற்காலியிலிருந்து. "ஓட்டுப் போட்டு முடிச்சா கரண்ட் போயிடும்."

அவளும் கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் நீட்டி, கோழி தவிடு கொத்துவதுபோல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடிக் கொத்துவாள். 'ஏ' எங்கே என்று தேடும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும். வலது ஓரத்து எண்களைக் காட்டி ஒருநாள் கேட்டாள்: "இந்தப் பக்கம் என்னாத்துக்கு? நம்பருதான் மேல வரிசையா இருக்குதே?"

"அது வங்கியில, ஆபீஸ்ல, நாள் பூரா நம்பர் அடிக்கிறவங்களுக்கு," என்றேன். அவள் நடுவிரலைப் பிடித்து ஐந்தின் மேல் வைத்தேன். "சின்ன மேடு தெரியுதா? அதுதான் வீடு. நாலுல ஆள்காட்டி, ஆறுல மோதிர விரல், என்டர்ல சுண்டு விரல். எங்க போனாலும் இந்த மேட்டுக்குத் திரும்பி வந்துடணும். அப்புறம் பாக்கவே வேணாம்."

"போதும்பா, எனக்கு ஒரு விரலே தாங்கல," என்று கையை இழுத்துக்கொண்டாள்.

எங்களிடம் படிக்க வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் போகிறவர்கள். குத்தகை முடிந்த கரும்புக்காரர் மகள்கள், ஒரு நர்ஸ், ஒரு தையற்காரர் மனைவி. கம்ப்யூட்டர் தெரிந்தால் வெளிநாட்டில் வேலை. ஆனால் ஒருவரும் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள். அது அங்கத்திய வழக்கம். டிக்கெட் கைக்கு வரும்வரை வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும், காகிதம் எங்கேயாவது நின்றுவிடும். ஒரு திங்கட்கிழமை நாற்காலி காலியாக இருக்கும். அவ்வளவுதான். அக்கா அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

"அந்த நர்ஸு பொண்ணு பாரு தங்கச்சி, கீபோர்டப் பாக்காமலே அடிக்குது. பெட்டி கட்டிடுச்சு."

"சும்மா இருங்க அக்கா."

"பந்தயம் வையேன்! அடுத்த மாசம் ஆளு நாந்தி ஏர்போர்ட்ல."

அவள் சொன்னால் தப்பாது. நர்ஸும் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் என் கல்லூரித் தோழி ஆக்லாந்திலிருந்து போன் செய்தாள். அவள் பள்ளியில் கணக்கு ஆசிரியை இடம் ஒன்று காலி. உடனே வருகிறாயா? நான் அதை அக்காவிடம் சொன்னேன். சமையலறையில் ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு முன்னறைக்கு என்னை இழுத்துப் போனாள்.

"மொத கூ வந்தப்போ என் கூடப் பொறந்தவ போயிட்டா. இந்தக் கூவுல பக்கத்து வூடு, எதுத்த வூடு, சபையில பாதி. நீயும் போயிட்டியானா நா ஒத்தையா இந்தப் பொட்டிங்களோட என்னா பேசுவேன்? ஊரே போகட்டும் தங்கச்சி. நீயும் நானும் இங்கதான். சத்தியம்." மாவு படாத புறங்கையை மானிட்டரின் மேல் வைத்தாள், பைபிளின் மேல் வைப்பதுபோல.

"அது வெறும் கண்ணாடி அக்கா," என்று சிரித்தேன். "யோசிக்கிறது இந்தப் பெட்டி."

"அப்போ செல்லாதா? இந்தா." பெட்டியின் மேலும் வைத்தாள்.

மறுநாள் ஆக்லாந்துக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். அந்த இடத்துக்கு வேறொருத்தி போனாள். எனக்கு வருத்தமில்லை. ஒரு நாட்டை விட்டு எல்லோரும் ஓடும்போது நிற்பதற்கு ஒரு துணை இருப்பது எத்தனை பெரிய போதை! சாயங்காலங்களில் கரும்பு ரயில் பெட்டிகள் தடதடத்துப் போகும் சத்தத்தில், உறைகளைப் போர்த்திவிட்டு, இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து யார் அடுத்து போவார்கள் என்று பேசிச் சிரிப்போம். எங்கள் இருவரையும் அந்தப் பேச்சுக்கு வெளியே வைத்திருந்தோம். நான் வைத்திருந்தேன்.

சரஸ்வதி பூஜை வந்தது. முதல் வருடம் நான் குங்குமத்தை அள்ளி எல்லாவற்றுக்கும் வைத்திருந்தேன். மௌஸின் வயிற்றுக்குள் உருளும் பந்தில் அது ஏறி, ஒரு வாரம் அம்புக்குறி திரையில் குடித்தவன்போல் தள்ளாடியது. இந்த முறை சந்தனம் மட்டும். மானிட்டருக்கு வைத்தேன், பெட்டிக்கு வைத்தேன். கீபோர்டின் முன்னால் நின்றபோது அக்கா கேட்டாள்:

"இதுக்கு நெத்தி எங்க இருக்குது?"

எழுத்துகளின் மேல் வைத்தால் பிசுபிசுக்கும். யோசித்து, மூன்று கீபோர்டிலும் வலது ஓரத்தில் ஐந்தாம் எண்ணின் மேல் கனமாக ஒரு பொட்டு வைத்தேன். அந்தப் பக்கத்தை எங்கள் வகுப்பில் யாரும் தொடுவதில்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில நான் வந்து திறக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்றேன்.

"போன வருஷமே சொன்னியே. தெரியும்."

சந்தனம் மேலாகக் காய்ந்த பிறகுதான் உறை போட்டேன். என் வாடகை அறைக்கு நடந்தேன்.

விஜயதசமி காலையில் முதல் உறையைத் தூக்கினேன், இரண்டாவதைத் தூக்கினேன். பொட்டு வைத்தது வைத்தபடி. மூன்றாவது கீபோர்டு, ஜன்னலோரம் இருப்பது. ஐந்தின் மேல் சந்தனம் இல்லை. நான்கில் கொஞ்சம், ஆறில் கொஞ்சம், எட்டில், இரண்டில் மெல்லிய மஞ்சள். ஓரத்திலிருந்த நீளமான என்டர் விசையில் சுண்டு விரலின் ரேகை காய்ந்து வெடித்திருந்தது. எழுத்துகளின் பக்கம் துளிகூட இல்லை. உறை உரசி அழிந்திருக்கும் என்று ஒரு நிமிடம் என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன். உறை உரசினால் ஒரு பக்கமாக இழுக்கும். இது ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாகப் போயிருந்தது, ஐந்துக்குத் திரும்பித் திரும்பி வந்து. ஈரத்துணியால் அவசரமாகத் துடைத்த தடமும் இருந்தது. இரவு வெளிச்சத்தில் துடைத்தவளுக்கு மஞ்சள் தெரிந்திருக்காது.

எங்க போனாலும் இந்த மேட்டுக்குத் திரும்பி வந்துடணும். நான் சொல்லிக்கொடுத்த விரல்கள்.

அக்கா தேநீரோடு வந்தாள். என் கை நின்ற இடத்தைப் பார்த்தாள். தம்ளரை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வலது கையை அந்தக் கட்டத்தின் மேல் வைத்தாள். என்னைப் பார்த்தபடியே அடித்தாள். டக்டக்டக்டக். மழை. இத்தனை மாதம் என் முன்னால் ஒற்றை விரலால் கொத்திய அதே கை. அந்த நாக்கு நுனி, அந்தத் தேடல், 'ஏ' எங்கே தங்கச்சி என்ற அந்தக் கேள்வி, எல்லாம் எனக்காகப் போட்ட உறை.

"எத்தனை நாளா அக்கா?"

"ரொம்ப நாளா." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஆக்லாந்துல என் கூடப் பொறந்தவ வேலை பாக்குற எடத்துல நம்பரு போடுற வேலை. வேகம் பாக்குறாங்களாம். நேத்து ஒரு நாளாவது வுட்டுடலாம்னு பாத்தேன். முடியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

"விசா?"

"வந்துடுச்சு."

ஆக்லாந்து. வேறு ஊரே கிடைக்கவில்லையா?

"நா போறேன்னு சொன்னப்போ சத்தியம் பண்ணி நிறுத்தினீங்களே."

"அப்போ எனக்குக் காகிதம் வராதுன்னுதான் நெனச்சேன். மெய்யா. வராட்டி நீயாவது இருப்பியேன்னு..." அவள் மௌஸின் குல்லாவை எடுத்து விரலில் மாட்டிக் கழற்றினாள். "இங்க யாரும் வாய் தெறக்க மாட்டாங்க. ஒனக்குத் தெரியுந்தானே?"

"நான் யாரோவா அக்கா?"

தேநீரில் ஆடை படிந்துகொண்டிருந்தது. பதில் ஏற்கனவே மூன்றாவது கீபோர்டில் காய்ந்து கிடந்தது.

மூன்றே நாளில், அவள் போகிற அன்று, வாசலில் கேரியர் நின்றது. பயணப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர். சபைக்காரர்கள் வட்டமாக நின்று ஜெபித்து முடித்திருந்தார்கள். பின்வீட்டு ஃபிஜியப் பெண்மணி அக்காவைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். தனக்குப் போன வாரமே தெரியும் என்று அழுகைக்கு நடுவே என்னிடம் சொன்னாள். அதற்கு முந்தைய வாரமே தையற்காரர் மனைவிக்குத் தெரிந்திருந்ததாம். தெருவில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்திருக்கிறது, அதுவும் சந்தனம் சொல்லி.

எல்லோரும் விலகியதும் அக்கா என்னிடம் வந்தாள். அவள் சட்டைக் கையில் ஒரு கரித்துகள் ஒட்டியிருந்தது. தட்டிவிட எழுந்த என் கையை நிறுத்திக்கொண்டேன்.

"மூணு பொட்டியும் ஒனக்குத்தான். ராத்திரி உறை போட மறந்துடாத. கரி உள்ள போயிடும்."

"ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா நானும் போயிருப்பேனே அக்கா. எனக்கு அந்த வேலை இருந்துச்சே. ஒங்களுக்காகத்தானே இங்க இருந்தேன்?"

வீட்டுக்காரர் ஹார்ன் அடித்தார். அவள் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியைப் பாதி இறக்கி, நான் ஏதோ வேடிக்கையாகப் பேசிவிட்டதுபோல் என்னைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது.

"ஒன்னை யாரு இங்க இருக்கச் சொன்னது, தங்கச்சி?"