பகைவன் கதிரை

இது நாம் வாழாத ஓர் உலகத்துக் கதை. அங்கேயும் ரொறன்ரோவில் இதே குளிர்தான். ஆனால் அங்கே முன்னொரு காலத்தில் போர்த்துக்கேய இளவரசியும் ஒல்லாந்து இளவரசனும் கலியாணம் கட்டினார்கள். கடல் கடலாக அடிபட்டுக்கொண்டிருந்த இரண்டு சாம்ராச்சியங்கள் ஒரே மணிமுடியின் கீழ் வந்தன. செய்தி வந்த அன்று, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி வளைத்து நின்ற ஒல்லாந்தரை, உள்ளே பசியோடு இருந்த போர்த்துக்கேயர் கதவைத் திறந்து விருந்துக்குக் கூப்பிட்டார்களாம். பகைவனுக்கு ஆளுக்கொரு கதிரை.

அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாளில் சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரையை விட்டுவைப்பார்கள். கோபித்து விலகிப்போனவன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து அதில் இருக்கலாம். சாப்பாடு முடியும்வரை சண்டையைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

நல்ல வழக்கந்தான், நம்மவர் கையில் அகப்படும்வரை. இப்போது எல்லோரும் தங்கள் வசதிக்கேற்ற பகைவன் ஒருவனை வைத்திருக்கிறார்கள். ரொறன்ரோவின் வோபர்னில் இருக்கும் கஸ்பர் வருசாவருசம் பக்கத்து வீட்டுச் சண்முகலிங்கத்தைக் கூப்பிடுவார். ஸ்னோவை யார் பக்கம் தள்ளுவது என்பதைத் தவிர அவர்களுக்குள் ஒரு பகையும் இல்லை.

உண்மையான பகைவன் பக்கத்து மார்க்கம் நகரத்தில் இருந்தான். சொந்தத் தம்பி மரியரட்ணம். தன் மகளின் கலியாணத்தில் சம்பந்தி வீட்டாரை முன்னுக்கு வைப்பதற்காகக் கஸ்பர் அவனை வோஷ்றூம் கதவடி மேசையில் போட்டார். பிறகு ஒரு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. பேச்சு நின்றுபோனது.

இந்த முறை சண்முகலிங்கம் வன்கூவருக்குப் போய்விட்டார். கதிரை சும்மா கிடந்தது.

"வேற ஆரையும் கூப்பிடுவமே?" என்று மனைவி செலீன் கேட்டாள்.

கஸ்பர் கதிரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அந்தக் கதிரையில் தம்பி சின்னப் பெடியனாகக் காலை ஆட்டிக்கொண்டு இருப்பதுபோல் தெரிந்தது. எழும்பி ஜக்கெற்றை எடுத்தார்.

பனி பஞ்சாய்த் தூவிக்கொண்டிருந்தது. பல்கனிகளில் அந்த நாளுக்கென்று கட்டிய மணிமுடிக் கொடிகள் அசையாமல் தொங்கின. தான் காரை ஓட்டுகிறாரா, கார் தன்னைக் கொண்டுபோகிறதா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரே பயந்தான்: தம்பி வீட்டுக் கதிரையிலும் வசதிக்கேற்ற ஒருவன் இருந்துவிட்டால் என்ன முகத்தோடு திரும்புவது?

தம்பி மனைவி நிரோஷினி கதவைத் திறந்தாள். மேசையைச் சுற்றிச் சனம். ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. அதன் முன்னால் கழுவித் துடைத்த சாப்பாட்டுக் கோப்பை.

"உதில ஒருத்தரையும் இருக்க விடமாட்டார் அண்ணை," என்றாள் நிரோஷினி. "ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான். பிள்ளையள் இருந்தாலும் பேச்சு விழும்."

கஸ்பர் அந்தக் கதிரையில் இருந்தார். மரியரட்ணம் முகத்தைப் பார்க்காமல் சோறு போட்டான். போட்டபடியே மெல்லக் கேட்டான்.

"உங்கட வீட்டில என்ர கதிரையில ஆர் இருக்கிறது?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சண்முகலிங்கம்," என்றார் கஸ்பர்.

தம்பியின் கை ஒரு கணம் நின்றது. கஸ்பருக்கு வெட்கம் தாங்கவில்லை.

"தம்பி, நான் உன்னை அண்டைக்கு..."

"சாப்பாடு முடியேல்லை அண்ணை," என்று மரியரட்ணம் இன்னும் ஓர் அகப்பை சோறு போட்டான்.

கஸ்பர் அழுதுகொண்டே சாப்பிட்டார்.