சிலுவையைத் தூக்கிக் காட்டிய சிறுமி

காக்கிச் சட்டையைக் கண்டால் சிசிலி அக்காவின் கை தானாகக் கழுத்துக்குப் போகும். சட்டைக்குள் கிடக்கும் சங்கிலியை இழுத்து, அதில் தொங்கும் சின்னச் சிலுவையை வெளியே எடுத்துப் போடுவார். பொலிஸ்காரராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, தபால்காரர் வந்தாலும் அப்படித்தான். ஆள் போனதும் சிலுவை மறுபடி உள்ளே போய்விடும். “கடுதாசிதான் கொண்டாந்திருக்கேன் சிசிலி, பேயி பிசாசு இல்ல” என்று தபால்கார பொன்னையா பலமுறை கேலி செய்ததை நானே கேட்டிருக்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் இருக்கிறது. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில் சிசிலி அக்காதான் ஆயா. நானும் அவர் ஆட்டிய தொட்டிலில் தூங்கியவள். அந்தச் சிலுவைப் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். பக்தி அதிகம் என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அங்கே திரைப்பட வட்டம் ஒன்று இருந்தது. யுத்தகாலத்துச் சிறுவர்களைப் பற்றிய படங்களை அங்கேதான் பார்த்தேன். இடிந்த வீட்டுக்குள் ஒளிந்து விளையாடும் பிள்ளைகள், அப்பாவைத் தேடி ரயில் நிலையத்தில் நிற்கும் பிள்ளைகள். ஏதோ ஒரு நாட்டுப் பிள்ளைக்காக இருட்டில் உட்கார்ந்து அழுவேன். வெளியே வந்ததும், “உங்கட பக்கம் யுத்தம் இல்லைத்தானே” என்று வடக்கிலிருந்து வந்த நண்பர்கள் கேட்பார்கள். இல்லை என்பேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் தோட்டத்து ஜூலியன் ஒரு யோசனையோடு வந்தான். ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்பவன். நோர்வூட்டில் கோயில் மண்டபத்தில் இளைஞர் குழு குறும்படங்கள் காட்டப் போகிறது, யுத்தகாலத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய படங்கள், அதில் மலையகத்துக் கதை ஒன்றுகூட இல்லை, நாம் ஒன்று எடுப்போம் என்றான். வசனம் எழுதுவது என் பொறுப்பாயிற்று. கதையை அவன் ஏற்கெனவே வைத்திருந்தான். பொகவந்தலாவையில் கல்யாணம் கட்டிப் போயிருந்த பேச்சியம்மா அக்கா அவனுக்குச் சொன்ன கதை.

பேச்சியம்மாவும் சிசிலியும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்தவர்கள். தொண்ணூறுகளில், பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில், இருவரையும் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அப்போது எங்கள் லயங்களில் அது பெரிய விஷயமே இல்லை. கொழும்பில் இருவருக்கும் ஒரே ஒழுங்கையில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வேலை. மதில் ஓட்டை வழியாகப் பேசிக்கொள்வார்கள்.

கொழும்பில் பெரிய குண்டு வெடித்த மறுவாரம் ஒரு காலையில், பேச்சியம்மா கடைக்குப் பாண் ரொட்டி வாங்கப் போன இடத்தில் பொலிஸ் பிடித்தது. அடையாள அட்டை எடுக்கும் வயது இல்லை. அவர் வேலை செய்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. “எங்க ஊரு புள்ள அந்த வீட்டுல இருக்கு, கேட்டுப் பாருங்க” என்று பேச்சியம்மா அழுதிருக்கிறார். அவரை ஜீப்பில் வைத்துவிட்டு ஒரு பொலிஸ்காரர் நடந்து போய்க் கேட்டைத் தட்டினார். சிசிலி வெளியே வந்தாள். ஜீப்பின் கண்ணாடி வழியாகப் பேச்சியம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். சிசிலி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அழுதாள். கழுத்துச் சிலுவையை வெளியே இழுத்துத் தூக்கிக் காட்டினாள்.

“எனக்காகச் சத்தியம் பண்ணினா தம்பி. அந்த எமன்தான் நம்பல” என்று ஜூலியனிடம் சொல்லியிருந்தார் பேச்சியம்மா அக்கா.

அவரைக் கொண்டு போய் ஒரு சிறுமியர் இல்லத்தில் அடைத்தார்கள். தகப்பன் தோட்டத்துத் துரையிடம் கெஞ்சி, ஆள் பிடித்து, மீட்டு வரப் பல மாதங்கள் ஆயின. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்களாம். வந்த பிறகு லயத்து வாசலில் வாகனச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாராம். ஆனால் அந்தக் கண்ணாடி வழியே பார்த்த காட்சியை மட்டும் அவர் ஒரு நல்ல விஷயமாகவே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தகர டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் சிசிலி அக்காவுக்கு வரும். டிசம்பரில் நத்தாருக்கு அதே டப்பாவில் கேக் போகும். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்களிடம் இன்னும் இருக்கிற வழக்கம்.

படத்தின் உச்சக் காட்சி அந்தக் கேட்டடி என்று ஜூலியன் முடிவு செய்தான். அங்கே சிறுமி என்ன பேசினாள் என்பது பேச்சியம்மா அக்காவுக்கே கேட்டிருக்கவில்லை. அதனால் நான் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். பகல் தூக்கத்தில் தொட்டில்கள் அசையாமல் தொங்கின. அன்றைக்குச் சொன்னதைச் சிங்களத்திலேயே சொல்லுங்கள், அப்படியே எழுதிக்கொள்கிறேன் என்றேன். ரொம்ப நாளாகிவிட்டது, யோசித்துச் சொல்கிறேன் என்றார். மறுமுறை போனபோது குழந்தைகளுக்குக் கஞ்சி ஆற்ற வேண்டும் என்றார். அடுத்த முறை நான் வருவதைக் கண்டு பின்கதவால் விறகு எடுக்கப் போய்விட்டார். தன் வீரச் செயலைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவளின் கணிப்பு அது.

கடைசியில் ஜூலியன் ஒத்திகையைக் கைபேசியில் எடுத்து வந்து காட்டினான். பக்கத்து லயத்து சர்மிளா சிசிலியாக நடித்திருந்தாள். சிலுவையைத் தூக்கிப் பிடித்து, மாத்தையா இது எங்கள் தோட்டத்துப் பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று சிங்களத்தில் கதறினாள். சிசிலி அக்கா முழுவதும் பார்த்தார். பிறகு என்னை மட்டும் இருக்கச் சொல்லி ஜூலியனை அனுப்பிவிட்டார்.

“நான் அப்படிச் சொல்லல பாப்பா” என்றார்.

சொன்னதை மெல்ல, இடையிடையே குழந்தைகளின் போர்வையைச் சரி செய்தபடி சொன்னார். அவர் வேலைக்கு இருந்த வீட்டு எஜமானி, அந்த நோனா, கெட்டவர் அல்ல. தமிழ்ப் பிள்ளை வீட்டில் இருந்தால் பதிவு, விசாரணை என்று தொல்லை வரும் எனப் பயந்தவர். சிசிலி என்ற பெயர் சிங்களக் கத்தோலிக்கருக்கும் உண்டு. யார் கேட்டாலும், அவர்கள் நிறைய இருக்கும் சிலாபம்தான் ஊர் என்று சொல், சிலுவையைக் காட்டு என்று பழக்கி வைத்திருந்தார். சிங்களமும் இரண்டு வருடத்தில் நாக்கில் ஒட்டிவிட்டது. பேச்சியம்மா என்ற பெயரை எங்கே கொண்டு போய் ஒளிப்பது?

“ஜீப்புல இருக்கிற புள்ளயத் தெரியுமான்னு கேட்டாரு. தெரியாதுன்னேன். நீ தமிழான்னாரு. இல்ல மாத்தையா, நான் சிலாபம், பாருங்கன்னு சிலுவையத் தூக்கிக் காட்டினேன். அவளுக்காகத் தூக்கல பாப்பா. எனக்காகத் தூக்கினேன்.”

நீங்களும் குழந்தைதானே என்ற வார்த்தை வாய் வரை வந்தது. அப்படிச் சொல்லி அவரை மன்னிக்க நான் யார் என்று தோன்றியது. எங்கள் பக்கம் யுத்தம் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி வந்தவள் நான்.

பேச்சியம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதுவரை அந்தக் காட்சியில் யாரும் எதுவும் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜூலியனிடம் காரணம் சொல்லாமல், காட்சியை ஜீப்புக்குள்ளிருந்து, கண்ணாடி வழியாக, சத்தமே இல்லாமல் எடுப்போம் என்றேன். அவனுக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று.

மண்டபத்தில் காட்டியபோது பேச்சியம்மா அக்கா மகள் தனுஜாவுடன் முன்வரிசையில் இருந்தார். தீபாவளி முடிந்த வாரம், கையோடு டப்பாவும் வந்திருந்தது. திரையில் சர்மிளா சிலுவையைத் தூக்கியபோது அவர் சிசிலி அக்காவின் கையைப் பிடித்தார். விளக்கு போட்டதும் எழுந்து, “இவதான் அந்தப் புள்ள” என்று கூட்டத்துக்குக் காட்டினார். கை தட்டினார்கள். சிசிலி அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனக் காட்சியைப் பாராட்டி ஹட்டனிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை வாங்கிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சொல்லிவிடுவது என்று சிசிலி அக்கா தீர்மானித்திருந்தார். நானும் கூட நின்றேன்.

“ஒன்னைய விட அந்தப் புள்ள அழகா அழுவுதுடி” என்று பேச்சியம்மா அக்கா சீண்டினார்.

“பேச்சி, ஒன்னு சொல்லணும்.”

“சொல்லேன்.”

அந்த நேரம் பார்த்து ஒரு பொலிஸ்காரர் வீதியைக் கடந்து எங்கள் பக்கம் வந்தார். சிசிலி அக்காவின் கை கழுத்துக்குப் போய்ச் சிலுவையை வெளியே போட்டது. பேச்சியம்மா அக்கா அதைப் பார்த்துவிட்டார். அவர் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

“இன்னும் அதை விடலியாடி நீ. அந்த இல்லத்துல ராத்திரியில அதைத்தான் நெனச்சுக்குவேன். நமக்காகப் பேச ஒருத்தி இருந்தாளேன்னு.”

பஸ் வந்தது. என்ன சொல்ல வந்தாய் என்று படியில் நின்று கேட்டார்.

“ஒன்னுமில்ல. டப்பாவ நத்தாருக்குக் கொண்டாரேன்” என்றார் சிசிலி அக்கா.

நத்தாருக்கு முன்பே பேச்சியம்மா அக்கா மூளைக்காய்ச்சலில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறந்து போனார். செய்தி வந்தபோது சிசிலி அக்கா கேக்குக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தார். அடுப்பை அணைக்காமல் அப்படியே பஸ்ஸேறிப் போனார். மரண வீட்டில் அவரை உறவுக்காரர்களுக்கு முன்னால் உட்கார வைத்தார்களாம். பேச்சியம்மாவுக்காகப் பேசியவர் என்று.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு, டப்பாவில் கேக்கை வைத்துக்கொண்டு பொகவந்தலாவைக்குப் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார். பேச்சியம்மா அக்கா மகளுக்குத் தமிழ், சிங்களம் இரண்டு பக்கமும் பொருந்துகிற பெயராகப் பார்த்துத்தான் தனுஜா என்று வைத்திருக்கிறார் என்பது, அவள் கதவைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. சிசிலி அக்கா உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், சிலாபத்தையும் சிலுவையையும். தனுஜா கடைசி வரை கேட்டாள். அழவில்லை. சிசிலி அக்கா டப்பாவை நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை.

“இது அம்மாவோட டப்பா அத்தை. இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லியிருக்கணும். நான் எப்படி வாங்குறது?”

திரும்பி வந்தோம். வழி முழுக்க டப்பா அவர் மடியில் இருந்தது. இதை எழுதச் சொன்னவர் சிசிலி அக்காதான். பெயரை மாற்றாதே என்றும் சொன்னார். கேக்கைப் பிள்ளைகளுக்குப் பிட்டுக் கொடுத்துவிட்டார். டப்பா பிள்ளைக் காம்பராவில் பால்மா அடுக்கும் தட்டில், கழுவித் துடைத்து, மூடி திறந்தபடி இருக்கிறது. அதில் அவர் எதையும் போட்டு வைப்பதில்லை.