மூடாத படம் வரைந்த கோமதி அம்மா

நம் காலனிச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில்தான் செய்தியைப் பார்த்தேன். முதியோர் கல்வி வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து கண்ணில் படும் தமிழ் எழுத்தையெல்லாம் கூட்டிப் படித்துவிடுகிறேன். காலண்டர் தாள், கல்யாணப் பத்திரிகை, பொட்டலம் கட்டி வந்த பழைய பேப்பர் எதையும் விடுவதில்லை. ஒரு சொல் பிடிபட்டால் போதும், எனக்கு நானே சிரித்துக்கொள்வேன். அன்றும் சிரித்துக்கொண்டேதான் பலகை முன்னால் நின்றேன். மேலே பெரிதாக எழுதியிருந்த பெயரைக் கூட்டி முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கீழே, ‘அமைதியே உருவான நம் சகோதரி காலமானார்’ என்று இருந்தது. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு முறை படித்தேன். அமைதி என்றுதான் இருந்தது. எனக்குத் துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

அவரோடு பழகியவர்களே, நீங்களே சொல்லுங்கள். கோமதி அம்மாவா அமைதி? அவர் பால்காரரிடம் தண்ணீர் கலந்ததைக் கேட்டால் அடுத்த தெருக்காரர்கள் தங்கள் பாலை எட்டிப் பார்ப்பார்கள். திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு நிறுவனம் ஒன்றின் வரைபடப் பிரிவில் தலை நரைக்கும் வரை மையில் கோடு இழுத்தவர். அங்கே கம்ப்யூட்டர் வந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டு நுழையவேண்டிய அந்தக் குளிர் அறையில் அவரையும் உட்கார வைத்தார்கள். நான் ரயில்வே பட்டறையில் கலாசியாக இருந்தவன், வடாற்காட்டுக்காரன். செகந்திராபாத்தைச் சேர்ந்த லோத்குண்டாவில் ராணுவ நிலத்தை ஒட்டிக் கூட்டாக இடம் வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் எங்கள் இருவர் குடும்பமும் உண்டு. கிழக்குக் கோடி மனை என்னுடையது.

ராணுவத்தார் தங்கள் பக்கம் வேலி போடப் போவதாகவும், காலனியின் எல்லையைப் படமாகக் கொடுக்கும்படியும் கேட்டார்கள். சங்கத் தலைவரின் மருமகன் செகந்திராபாத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். தாய்ப்பத்திரத்தில் உள்ள திசையையும் கஜ அளவையும் தட்டினால் அதுவே எல்லையை வரைந்துவிடும். படம் வந்தது. பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். இவ்வளவு அழகான காகிதத்தை அதுவரை நான் தொட்டதில்லை. அந்த அழகான காகிதத்தில் என் வீட்டின் பின்பாதி காலனிக்கு வெளியே இருந்தது. நானும் என் மனைவியும் படுக்கிற அறையும் சமையலறையும் இல்லை.

“மெஷின் சொல்றது பெரியவரே, நாம என்ன பண்ண முடியும்? இந்தக் கொஞ்ச இடத்துக்காக மிலிட்டரியோட மல்லுக்கு நிக்க முடியுமா?” என்றார் தலைவர். சம்மதம் என்று நான் கைநாட்டு வைத்தால் போதுமாம். மைப்பெட்டி திறந்திருந்தது. என் கட்டைவிரலில் மை ஏறிவிட்டது. அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி! அந்த விரல மடக்கும். மடக்கும்ங்கேன்!”

மடக்கினேன். மை உள்ளங்கையெல்லாம் அப்பிக்கொண்டது. கோமதி அம்மா படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தலைவரைப் பார்த்து, “கைநாட்டுக்காரர்னா இளிச்சவாயர்னு நெனச்சீயளோ?” என்றார்.

மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு அந்த மருமகனின் அறைக்குப் போனார். பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எல்லையாகச் சொன்னார், அந்தப் பிள்ளை தட்டினார். சாலையோரக் கிணற்றில் தொடங்கி, கிழக்கே பெரிய பாறை வரை. பாறையிலிருந்து தெற்கே ஓடை வரை. ஓடையோரமாக மேற்கே சாலை வரை. சாலையோரமாக வடக்கே மீண்டும் கிணற்றுக்கு. திரையில் கோடு சுற்றி வந்தது. ஆனால் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரவில்லை. கிணற்றருகே வாயைத் திறந்துகொண்டு நின்றது.

“இது அப்பிடித்தான் ஆன்ட்டி. ஒரு பட்டனை அமுக்கினா சாஃப்ட்வேரே எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி மூடிடும்.”

“முதல்லயும் அமுக்கினியோ?”

“ஹவ் ஆன்ட்டி” என்று ஹைதராபாத் பாணியில் ஆமாம் போட்டார்.

“நக்கோ, வேண்டாம்! இனிமே அந்தப் பட்டன்ல கை வைக்காத. எங்கயோ ஒரு அளவு தப்புன்னு அது வாயத் திறந்து சொல்லுது. நீ வாயத் தச்சுட்டு, படம் சரியாயிட்டுன்னு நீட்டுத. மூடாத படம் பொய் சொல்லல. மூடிவச்ச படந்தான் பொய் சொல்லுது.”

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் எனக்கு விளக்கினார். பத்திரத்தில் பாறை என்றும் இருக்கிறது, இத்தனை கஜம் என்றும் இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பாறைதான் பெரிது. கஜத்தை எழுதியவன் கை தவறலாம், பாறை நடந்து போகாது.

ஆனால் நம் பாறை போய்விட்டிருந்தது. நடந்து போகவில்லை. வெடி வைத்து உடைத்து வண்டியில் போயிற்று. எங்கே போயிற்று என்று நம் காலனியில் தெரியாதவர் யார்? தலைவர் வீட்டு அஸ்திவாரத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் போயிற்று. மிச்சத்தை வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது நின்ற இடம் என் பின்சுவருக்கு அப்பால் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பாறை எங்க நின்னுச்சு?”

ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். இன்னொருவர் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். என்னோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர், ஒரே சம்படத்தில் சாப்பிட்டவர், ஞாபகம் இல்லை என்றார்.

“உங்க வீட்டுக்குக் கீழதான கெடக்கு! அது மேலதான படுத்து ஒறங்குதீய! ஞாபகம் இல்லையோ?” என்று கோமதி அம்மா தலைவரிடம் கத்தினார்.

“மேடம், கொஞ்சம் மெதுவா பேசுங்கோ. லேடீஸ் எல்லாம் இருக்காங்க.”

“நானும் லேடீஸ்தான்யா!”

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சங்கம் ஒத்துழைக்க மறுத்தது. அவர் தனியாக ஒரு படம் வரைந்தார். மூடாத இடத்தை மூடாமலே விட்டு, பாறை நின்ற இடத்தில் ஒரு குறி போட்டு, ‘இங்கே தோண்டிப் பார்க்கவும்’ என்று எழுதி நில அளவை அலுவலகத்தில் கொடுத்தார். அவர்கள் நடையாய் நடக்க வைத்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் அளவையாளர் வந்தார். கடப்பாரை போட்டதும் ‘ணங்’ என்றது. மண்ணை விலக்கினால் பாறையின் அடி, வெடிக்குத் துளை போட்ட தடத்தோடு கிடந்தது. ராணுவத்தார் மறுபேச்சில்லாமல் அதற்கு அப்பால் வேலி போட்டார்கள். அவர்கள் ஒருநாளும் என் இடத்தைக் கேட்கவில்லை. நம் ஆட்கள்தான் கேட்கும் முன்பே கொடுக்கப் பார்த்தார்கள்.

நன்றி சொல்ல போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து ஒரு பை கத்தரிக்காய் வாங்கிப் போனேன்.

“இது எதுக்கு?”

“இன்னாம்மா இப்டி கேக்குற? எங்க ஊடு நிக்கிறதே உன்னாலதான்.”

“நான் உமக்காகச் செஞ்சேன்னா நெனச்சீரு? அந்தப் படம் தப்பு அண்ணாச்சி. தப்பான படத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்காது. கத்தரிக்காய வச்சிட்டுப் போம், சொத்தையா இருந்தா திருப்பிக் கொண்டாருவேன்.”

அதற்குப் பிறகு நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்கள்? பொங்கல் விழாவுக்கு அழைக்கவில்லை. அவர் வந்தால் பேச்சை மாற்றினீர்கள். வாய்க்காரி என்றீர்கள். அது என் காதிலும் விழுந்தது, அவர் காதிலும் விழுந்தது. இரங்கல் கூட்டத்தில் அதே தலைவர் மாலை போட்டுவிட்டு, யார் மனதும் நோகப் பேசாதவர் என்று சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். உயிரோடு இருந்தபோது அவர் வாயை மூட முடியாதவர்கள், செத்த பிறகு தைத்துவிட்டார்கள். எனக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு வரிக்கு ஒரு டம்ளர் டீ ஆறிப்போகிறது.

அவருடைய கோபத்தை நான் வைத்துக்கொண்டேன். கேட்டு வாங்கவில்லை, எடுத்துக்கொண்டேன். நேற்று சங்கத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. கூட்டிக் கூட்டி முழுதும் படித்தேன். சாக்கடை போட, தனியாக இருக்கும் மேரி அம்மாவின் மனையில் ஒரு துண்டு வேண்டுமாம், வரும் ஞாயிறு அவர் கையெழுத்துப் போடவேண்டுமாம். வேறு யார் மனையிலும் ஒரு அடிகூட வேண்டாமாம். நான் அந்தக் கூட்டத்துக்குப் போகிறேன். மெதுவாகப் பேசச் சொல்வார்கள். எழுதுவதுதான் எனக்கு மெதுவாக வரும்.