அந்த ஏச்சை வெட்டச் சொன்னேன்

அன்று பள்ளி விழா நாடக ஒத்திகையில் டீச்சர், என் மகள், அரசனாக நடித்த அடம்பன் ஊர்ப் பையன், நான் ஆகிய நால்வரே இருந்தோம். பழைய கூத்துக் கதையில் அரசன் மீன்காரியை "நாத்தம் பிடிச்சவளே" என்று ஏசுவான். பள்ளியில் அதே ஏச்சுக்குப் பயந்து படிப்பை விட்ட மீன்காரர் வீட்டுப் பிள்ளை நான். மகளுக்குத்தான் மீன்காரி வேடம் என்று அறிந்ததிலிருந்து எனக்கு நித்திரையில்லை.

"டீச்சர், அதை வெட்டிப்போடுங்கோ" என்றேன். டீச்சரும் ஓம் என்றார். பையன் "பெண்ணே" என்று மட்டும் சொன்னான். மகள் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றாள்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்?"

"இவன் ஏசாட்டி நான் எதுக்கம்மா மறுமொழி சொல்லுறது?"

யோசித்துப் பார்த்தேன். "சொல்லு தம்பி" என்றேன். அவன் தயங்கித் தயங்கி ஏசினான்.

மகள் நிமிர்ந்தாள். "இந்த நாத்தம் இல்லாட்டி உங்கட அரண்மனையில சோறு இறங்குமோ, ராசா?"

விழாவன்று அந்தச் சொல் வந்தபோது நான் முன்வரிசைக் கதிரையில் தலை குனியாமல் இருந்தேன். ஏச்சைக் கேட்ட சனம் மறுமொழியையும் கேட்கட்டும்.