காற்று மேய்ந்த உரம்

முடிச்சூரில் வீடு கட்டிக் குடிபோன இரண்டாவது வருடம், ஒரு விடியற்காலையில் என் மகளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஆறு வயது. ஆட்டோவில் தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை அவள் உதட்டின் நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. அவள் இருமினால் இன்றும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

அன்று கிளம்பும்போதே ஒரு நெடி மூக்கை அறுத்தது. எங்களுக்குப் பால் ஊற்றிய அக்கா, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னும் மனை போடாத வயலில் புல் வளர்த்து நான்கு கறவை மாடுகளை மேய்த்துவந்தார். மாட்டு நாற்றம்தான் காரணம் என்று மறுநாள் சண்டைக்கே போய்விட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "பாப்பா இப்போ எப்டி கீது?" என்று முதலில் கேட்டார். பிறகு, "மாடு தெனம் கீது டீச்சர். நெடி தெனம் கீதா?"

இல்லை.

"நேத்திக்கு மொத நாளு யூரியா போட்டேன். போட்டா மறுநாளு எனக்கே கண்ணு எரியும்."

மாடு மேய்ந்த புல்லடியில் குந்தி முகர்ந்து பார்த்தார். நானும் குனிந்தேன். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பிள்ளைகளுக்கு நான் காட்டும் அதே அம்மோனியா. வேதியியல் டீச்சரான எனக்கே அது தோன்றவில்லை.

பனி ஈரத்தில் யூரியாவைத் தூவி, மூன்றாம் நாள்தான் தண்ணீர் கட்டுவது அங்கே வழக்கம். உடனே கட்டினால் உரத்தைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். இடைப்பட்ட நாட்களில் அது அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, தூவும்போதே தண்ணீர் விட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று சொன்னேன்.

"அப்போ நான் புல்லுக்குப் போட்டத காத்து மேஞ்சிகினு கீது!" என்று சிரித்தார்.

அவர் வீட்டுக்காரர் விடவில்லை. "தண்ணி வுட்டா ஒரமெல்லாம் பக்கத்து மனைக்குப் பூடும், பாரு."

"போவட்டும். அந்த வூட்டுக்கு இன்னொரு மாடி மொளைக்கும்" என்றார் அக்கா.

வேடிக்கையாகச் சொன்னாலும் அது விளையாட்டில்லை. புல் தவறினால் நான்கு மாடும் பட்டினி. என் மகளின் மூச்சுக்காக ஊர் வழக்கத்தை மாற்ற அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

அடுத்த முறை உரம் போடுமுன் அக்கா முன்கூட்டியே வந்து சொன்னார். "நாளைக்குப் போடறேன். பாப்பாவ ரெண்டு நாளு வேற எங்கனா வுட்டு வைங்க டீச்சர்." கூடுவாஞ்சேரியில் என் தங்கை வீட்டில் விட்டுவந்தேன்.

மாடு மேய்ந்த பகுதியைச் சுற்றித் தாழ்வாக வரப்புப் போட்டிருந்தார். மோட்டார் ஓட ஆரம்பித்த பிறகே யூரியாவைத் தூவினார். வெளியே வழியாமல், மண் குடிக்கும் அளவுக்குத் தண்ணீர் விட்டு மடையை அடைத்தார்.

மறுநாள் காலை, பயத்தோடு வயலில் போய் நின்றேன். அக்கா புல்லுக்குள் முகத்தைக் கொடுத்து நிமிர்ந்தார். கண்ணில் நீர் இல்லை.

"உங்களுக்கு எரியுதா?"

மூக்கை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஈர மண்ணும் சாணமும்தான்.

"இல்லை, அக்கா."

"அப்போ இன்னா நின்னுகினு கீறீங்க? போய் புள்ளய இட்டுகினு வாங்க."

அடுத்த மின்சார ரயிலைப் பிடித்தேன்.