அம்மா கையில் மூன்று கோடு

கிரீஸில் சக்கரத்தின் பால்ரஸ் குண்டை வைத்து விரலால் அழுத்தினால் ஒரு சத்தம் வரும். ஏரிச் சேற்றில் புதைந்த காலை உருவும்போது வருமே, அதே சத்தம்தான், ஆனால் காதைப் பக்கத்தில் வைத்தால்தான் கேட்கிற அளவுக்குச் சின்னது. சின்ன வயதில் மூன்று வருடம் போல அந்தச் சத்தத்தை நான் அடிக்கடி கேட்டிருக்கிறேன், ஏனென்றால் எங்கள் சைக்கிளின் பின்சக்கரத்துக்குக் கிரீஸ் வைப்பது என் வேலையாக இருந்தது.

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவில் எங்கள் வீடு. நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பா ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர். ஒரு தடவை திருக்கை மீனின் முள் குதிகாலில் ஏறி, புண் ஆறின பிறகும் சேற்றில் ஊன்றி நிற்க முடியாமல் போய்விட்டது. அம்மா கையால் இறால் பிடிக்கிறவள், எங்கள் பேச்சில் எறா. ஓலையில் முடைந்த "பறி"யைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்து வரை தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, அகப்பட்ட எறாவைப் பறிக்குள் போடுவாள். அவளோடு இன்னும் நான்கு பெண்கள். அந்த ஐந்து பேர் பிடித்ததையும் ஒரே கூடையில் வாங்கி, ஈரச் சாக்கு போட்டு மூடி, சைக்கிளில் கட்டி மீஞ்சூர் ரயிலடிக்குக் கொண்டுபோய் வியாபாரியிடம் சேர்ப்பது நைனாவின் வேலை ஆயிற்று. ரயில் வருகிற வரைக்கும்தான் வியாபாரி நிற்பார். சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நைனா நொண்டுகிறார் என்பது யாருக்கும் தெரியாது.

கூடையிலிருந்து சொட்டும் உப்புத்தண்ணீர் நேராகப் பின்சக்கரத்தின் நடுவில்தான் விழும். அதனால் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் "ஓவராயில்". சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பானா போட்டுக் கழற்றி, மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைப்பார் நைனா. வலைக்கயிறு இழுத்து இழுத்துத் தடித்துப்போன அவர் விரலில் குண்டுகள் நிற்காமல் உருண்டு ஓடும் என்பதால் அதற்குமேல் என் பங்கு. முதலில் கிண்ணத்தில் கிரீஸை மெழுகுகிற மாதிரி தடவ வேண்டும், பக்கத்துக்கு ஒன்பது குண்டாக ஒட்ட வைக்க வேண்டும், மேலே இன்னொரு பூச்சு. அப்பி வைத்தால் வெளியே பிதுங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சமாக வைத்தால் குண்டு காய்ந்துவிடும். கடைசியில் நைனா குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற "கோனை" இறுக்கி, ஒரு இழை பின்னால் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்பார்.

ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் கிரீஸ் தீர்ந்துவிட்டது. அவருக்குக் கால் வீங்கியிருந்ததால் பழவேற்காட்டுக் கடைக்கு என்னை அனுப்பினார். "சும்மா கிரீஸ்னு கேட்டுடாத. தண்ணிக்குத் தாங்குமான்னு கேட்டு வாங்கினு வா" என்று இரண்டு தடவை சொன்னார். கடையில் ஆண்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். எனக்கு வெளி ஆளைக் கண்டால் வாய் கட்டிப்போகும். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால்கூட "உள்ளேன் ஐயா" என்பது எனக்கே கேட்காது. கையிலிருந்த காலி டப்பாவை நீட்டினேன். கடைக்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மஞ்சளாக, நெய் போல ஒன்றை வழித்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா, "தண்ணிக்குத் தாங்கும்னு சொன்னானா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த மஞ்சள் கிரீஸை நானே குண்டு குண்டாக வைத்து முடித்தேன்.

மழை பிடித்து மூன்றாவது நாள், சாலையில் முழங்கால் தண்ணீர் நின்ற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சக்கரம் கரகரவென்று அரைத்து, பிறகு சுத்தமாகப் பிடித்துக்கொண்டதாம். நைனா பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தள்ளிக்கொண்டே மீஞ்சூர் போய்ச் சேர்ந்தபோது ரயிலும் இல்லை, வியாபாரியும் இல்லை. யாரோ மாட்டு வண்டியில் ஏற்றிவிட, சைக்கிளோடும் கூடையோடும் பொழுது சாய்கிற நேரத்தில் வந்து இறங்கினார். சாக்கை எடுத்துப் பார்த்தால் எறாவுக்கெல்லாம் தலை கறுத்திருந்தது.

ஐந்து பேரின் ஒரு நாள் பாடு அது. அம்மாவோடு எறா பிடிக்கிற சரசக்கா கூடையைச் சுற்றி வந்து, "இன்னா மாமா, எறாவுக்கு ஊரு சுத்திக் காட்டிட்டு இட்டாந்துட்டியா?" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவளே, "தப்பா நெனைக்காத மாமா, நாளையிலேர்ந்து நாங்க வேற ஆள பாத்துக்கறோம். எங்க வூட்லயும் புள்ளைங்க கீது" என்றாள். நைனா கறுத்த எறாவின் மேல் சாக்கைத் திரும்ப இழுத்து மூடினார். இதுவும் போனால் அவர் தண்ணீருக்கும் ஆகாதவர், கரைக்கும் ஆகாதவர்.

சக்கரத்தைத் திறந்தார். உள்ளே கிரீஸ் இல்லை. மோர் போல வெள்ளையாக ஏதோ வழிந்தது, அதில் துருவும் உடைந்த இரண்டு குண்டும் கிடந்தன. விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தாங்கும்னு சொல்லிக் குடுத்தான் இல்ல? நாளைக்குப் போயி கடையிலயே நிக்க வெச்சிக் கேக்கறேன் அவன" என்றார்.

கடைக்காரர் அப்படி ஒன்றுமே சொல்லவில்லையே. "நான் கேக்கல நைனா" என்றேன். அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்போ நீயே போயி கேளு" என்றார்.

மறுநாள் போனேன். கூட்டம் கலைகிற வரைக்கும் கடை ஓரமாக நின்று, பிறகு, "தண்ணியில கரையாத கிரீஸ் எது?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருக்கும்மா தெரியும்? நான் இன்னா தண்ணியில போட்டா பாத்தேன்?" என்றார். அப்படியானால் அன்றைக்கே கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இதை நினைத்து எனக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் வருத்தமாக இருந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அவரிடம் இருந்த மூன்று தினுசிலும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டேன். ஒரு ஓலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார்: மஞ்சள், கறுப்பு, டின் அடியில் யாரும் சீண்டாமல் கிடந்த பழுப்பு.

அம்மா ஓலையைப் பார்த்தாள். அடுத்த நாள் விடிந்ததும், தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால் இடது முழங்கைக்குக் கீழே மூன்றிலும் ஒவ்வொரு கோடு இழுத்துக்கொண்டாள்.

"இன்னா யக்கா, நெத்தியில இட இடம் பத்தலியா?" என்றாள் சரசக்கா. பறி பல்லில் இருந்ததால் அம்மாவால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. தெரிந்துதான் அன்றைக்கெல்லாம் விடாமல் கேலி செய்தார்கள். ஆனால் ஒவ்வொருத்தியும் நடுநடுவே அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டும் இருந்தாள் என்று பிறகு அம்மா சொன்னாள். பாதிப் பகல் உப்புத்தண்ணீரில் சேற்றைத் தடவிவிட்டுக் கரையேறியபோது மஞ்சள் கோடு வெளுத்துக் கரைந்திருந்தது. கறுப்பு, தடம் மட்டும் இருந்தது. பழுப்பு காலையில் இழுத்தபடியே இருந்தது. சரசக்கா அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள், மண்ணள்ளித் தேய்த்தாள், போகவில்லை. "இது செத்தாலும் போவாதுடி" என்றவள், கையைக் கழுவிக்கொண்டே, கரையில் நின்றிருந்த நைனா பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு எங்க கூடைய எட்த்துக்க மாமா" என்றாள்.

பழுப்பு கிரீஸை வாங்கி வந்தவளும் வைத்தவளும் நான்தான். அம்மா கையிலிருந்து அந்தக் கோடு போக ஒரு வாரம் ஆயிற்று.

அவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. எறா ஐஸ் பெட்டியில் வேனில் போகிறது. என் மருமகள் நண்டு எடுத்துப் போகிற ஸ்கூட்டரில் அதே மாதிரி பின்பக்கம் உப்புத்தண்ணீர் சொட்டுகிறது. போன மாதம் சக்கரத்தில் ஏதோ சத்தம் வந்ததால் பேரிங் மாற்றினார்கள். நானும் மெக்கானிக் கடைக்குப் போயிருந்தேன். இரண்டு பக்கமும் மூடி போட்ட பேரிங், உள்ளே குண்டு கண்ணுக்கே தெரியாது. "கிரீஸ் உள்ளயே வெச்சி மூடிட்டாங்க பாட்டி, யாரும் தொறக்க வாணாம்" என்றார் மெக்கானிக். மருமகள் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் மெக்கானிக்கிடம் இன்னும் ஒன்று கேட்டேன்.

வீட்டுக்கு வருகிற வழியில், இந்தக் கதையை என்னிடம் பல தடவை கேட்டிருக்கிற அவள், "தண்ணிக்குத் தாங்குமான்னு கேட்டியா அத்தே?" என்றாள்.

"கேட்டேன்" என்றேன். "அவனுக்கும் தெரியலையாம்."